இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையில், ஒசகோட்டையிலிருந்து கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்கலம் வரையிலான பகுதி 2024 இறுதியில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்காக வடிவமைத்த சாலை இது. அந்த வேகத்தில் ஒரு சாதாரண காரின் சக்கரம் நொடிக்குப் பதினேழு முறை சுற்றும். அதை வண்டியோடு இறுக்கிப் பிடித்திருப்பவை நான்கைந்து நட்டுகள்தாம்.

தங்கவயலுக்கு இயந்திரம் புதிதல்ல. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. 1964இல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலையோ இன்றும் அங்கே புல்டோசர் செய்கிறது. ஃபிட்டரும் டர்னரும் நிறைந்த ஊர். அங்கிருந்து பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ போய், வேறு காரிலிருந்து கழற்றிய அலாய் வீலைத் தேடுகிற இளைஞர், “ஓட்டை ஒத்துப்போகுமா?” என்றுதான் முதலில் கேட்பார். பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆசையில் தப்பில்லை. உலகப் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றே இன்னொரு காரின் பாகங்களில் பிறந்ததுதான். 1948இல் உருவான போர்ஷே 356 காருக்கு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்கள் பல கைகொடுத்தன. 205 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட்டு என்ற சக்கர அமைப்பும் இரண்டுக்கும் ஒன்றே. 1963இல் வந்த 356 சி மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. வட்டம் 130 மில்லிமீட்டராகச் சுருங்கியது. போர்ஷே 911 அதே அளவைத் தொடர்ந்தது. நம் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு: 1990களின் இறுதியில் பெங்களூரின் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இரண்டு இருக்கை ‘ஸ்டார்ம்’ காருக்குள் துடித்தது ரெனோ எஞ்சின்.

போல்ட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டத்தை மெக்கானிக்குகள் பி.சி.டி. என்பார்கள். மாருதி ஸ்விஃப்ட், ஹோண்டா சிட்டி இரண்டுக்கும் நான்கு ஓட்டை, 100 மி.மீ. பழைய மாருதி 800க்கு நான்கு ஓட்டை, ஆனால் 114.3 மி.மீ. ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு ஐந்து ஓட்டை, 100 மி.மீ. அதே குடும்பத்து ஸ்கோடா லாராவுக்கு ஐந்து ஓட்டை, 112 மி.மீ. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தால் ஆபத்தே இல்லை. சக்கரம் ஏறவே ஏறாது.

பயப்பட வேண்டியது சின்ன வித்தியாசத்துக்கு. வேகப் பிரியர்கள் கொண்டாடிய ஃபியட் பாலியோவின் வட்டம் 98 மி.மீ. அதில் 100 மி.மீ. சக்கரத்தை மாட்டினால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். ஸ்பேனரை அழுத்திப் பிடித்தால் போல்ட்டு ஏறிவிடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் போல்ட்டின் கூம்பு முகம் ஓட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் பதியும். போல்ட்டு வளைந்த நிலையிலேயே வேலை செய்யும். ஓட ஓட அது தளரும், இல்லையேல் உலோகம் களைத்து ஒருநாள் முறியும்.

ஓட்டை சரியாக இருந்தாலும் விஷயம் முடியவில்லை. சிட்டியின் சக்கரத்தை ஸ்விஃப்ட்டில் மாட்டிப் பார்ப்போம். சக்கரத்தின் நடுத்துளை 56.1 மி.மீ., அதற்குள் நுழையும் ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ. அந்த இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் சக்கரம் மையம் தப்பி உட்கார்ந்தால் ஸ்டீயரிங் அதிரும். இதற்கு மருந்து ஒரு மெல்லிய வளையம். நல்ல டர்னர் வெர்னியர் வைத்து அளந்து லேத்தில் கடைந்து தந்துவிடுவார். அடுத்தது நட்டு. ஹோண்டா வீலின் நட்டுக் குழி உருண்டை வடிவம், சுசூகி நட்டின் முகமோ கூம்பு. இரண்டும் சேர்ந்தால் முழுப் பரப்பும் தொடாது, மெல்லிய ஒரு கோடுதான் தொடும். ஹோண்டா நட்டையே வாங்கினாலும் ஆகாது. அதன் மரை இடைவெளி 1.5 மி.மீ., சுசூகியின் ஸ்டட்டில் 1.25 மி.மீ. மரை காருக்கும் முகம் வீலுக்கும் பொருந்துகிற நட்டைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

வண்டியின் எடையைப் போல்ட்டின் தண்டுகள் தாங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டின் இறுக்கம் சக்கரத்தை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் சுமையின் பெரும்பங்கைத் தாங்குகிறது. போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர் என்று இறுக்கத்தின் அளவைக் குறித்திருப்பது இதற்காகத்தான்.

ஆஃப்செட் இன்னும் நுட்பமானது. சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. 45 இருக்க வேண்டிய இடத்தில் அதே அகலத்தில் 25 ஆஃப்செட் வீலைப் போட்டால் சக்கரம் 20 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். கார் அகலமாக, கம்பீரமாகத் தெரியும். ஆனால் பேரிங் மீது விழும் நெம்புவிசை கூடும்; பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கலாம்; பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டில் உரசலாம். ஆஃப்செட் அதிகமானாலோ உள்ளே பிரேக் கேலிப்பரில் இடிக்கும்.

வீலைப் பெரிதாக்கினால் டயரின் உயரத்தைக் குறைத்து மொத்த விட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ.; 195/55 ஆர்16 டயரும் ஏறக்குறைய அதேதான். இந்தக் கணக்குத் தவறினால் ஸ்பீடோமீட்டர் காட்டுகிற வேகம் மாறிவிடும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே, அதே மாடலின் உயர் ரகத்துக்கு நிறுவனமே தரும் வீலை வாங்குவதே பாதுகாப்பான வழி.

வேறு காரின் வீல்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், விலை பேசுவதற்கு முன்பு பி.சி.டி., நடுத்துளை, ஆஃப்செட், நட்டின் முகம், சுமை தாங்கும் திறன் ஆகிய ஐந்தையும் எழுதி வாங்குங்கள். ஓட்டையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.