அழகுக் குட்டி, அரைகுறை ஈரல்

பெங்களூரு வீடுகளில் செல்லம் கொஞ்சும் சிறிய இன நாய்கள் சில பரம்பரைக் கோளாறுகளையும் சுமந்து வருகின்றன. வாங்குபவர்கள் விசாரிப்பதில்லை.

குட்டி நன்றாகத்தான் சாப்பிட்டது. சற்று நேரத்தில் தள்ளாட ஆரம்பித்தது. எச்சில் ஒழுக, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றது. எதையோ தின்றுவிட்டது, விஷம் என்று வீட்டில் பதறுவார்கள். மறுநாள் தெளிந்துவிடும். அடுத்த முறை கறி போட்டதும் மீண்டும் அதே கதை.

விஷம்தான். ஆனால் வெளியிலிருந்து வந்ததல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்வரை குட்டியின் கழிவைத் தாயின் உடலே பார்த்துக்கொள்ளும். எனவே ரத்தம் ஈரலைத் தவிர்த்துப் போக ஒரு குறுக்கு வழி உண்டு. பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ள வேண்டும். பெரிய இனங்களில் சில குட்டிகளுக்கு மூடுவதில்லை. யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், பக் போன்ற சிறிய இனங்களில் ஈரலுக்கு வெளியே ஒரு கள்ள வழியே உருவாகிவிடுவதுண்டு. குடலில் உண்டாகும் அம்மோனியா வடிகட்டப்படாமல் மூளையைத் தாக்குகிறது. போதிய ரத்தம் கிடைக்காத ஈரல் சிறுத்தே இருக்கிறது.

பக் இந்தியாவில் பிரபலமானதே ஒரு விளம்பரத்தால்தான். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய நாயைப் பார்த்து ஊரே குட்டி கேட்டது. தேவை பெருகும்போது பெற்றோரின் ஆரோக்கியத்தைப் பார்க்கப் பொறுமை இருப்பதில்லை.

ஷிட்சு, லாசா ஆப்ஸோ இனங்களின் பிரச்சினை வேறு. சிறுநீரகத்தின் ஒரு பகுதி கருவில் இருந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. குட்டி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சிறுநீர் கழிக்கும், எடை கூடாது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும்போது சிறுநீரகத்தின் முக்கால் பங்கு போயிருக்கும். இதற்குப் பரிகாரம் இல்லை. பத்திய உணவும் மருந்தும் கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவே.

ஈரல் கோளாறுக்கு வழி இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் பித்த அமிலத்தை அளந்தால் சந்தேகம் வலுக்கும்; ஸ்கேன் உறுதி செய்யும். கள்ள ரத்தக் குழாயைச் சுற்றி ஒரு வளையம் பொருத்துகிறார்கள். அதனுள் இருக்கும் பால் புரதம் ஈரத்தில் மெல்ல ஊதி, சில வாரங்களில் குழாயை அடைக்கிறது. நெதர்லாந்தில் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் குட்டிகளை விற்பதற்கு முன்பே அம்மோனியா சோதனை செய்யும் வழக்கம் உண்டு.

இங்கே 2017-ம் ஆண்டு மத்திய விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர்கள் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள். முந்தைய ஈற்றுக் குட்டிகள் என்ன ஆயின என்று விசாரியுங்கள்.

நோயுள்ள குட்டி பிறந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது. எளிய விதிதான். ஆனால் குட்டி இறந்த செய்தியைப் பலர் விற்றவரிடம் சொல்வதே இல்லை. அழுது முடித்து வேறொரு குட்டியைத் தேடிப் போகிறார்கள். அங்கே அதே ஜோடி அடுத்த ஈற்றுக்குத் தயாராகிறது.