பவளத்துக்கு எந்த விளக்கு?

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சோறு போடுகின்றன. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அதனால் அந்தப் பாசிகள் 400 முதல் 500 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள நீல ஒளிக்கு நன்கு பழகியவை. பவளத் தொட்டி விளக்குகள் நீலமாக எரிவது அதனால்தான்.

இந்த நீலத்தை மலிவான எல்.இ.டி.யும் தரும். பிறகு ஏன் சில விளக்குகளுக்குப் பல மடங்கு விலை? பெரும்பாலும் ஒளி பரவும் விதத்துக்காக. குறுகிய கோண லென்ஸ் வைத்த மலிவு விளக்கு ஒளியை நடுவில் குவிக்கிறது. நேர் கீழே இருக்கும் பவளம் வெளுக்கும். ஓரத்தில் இருப்பது பட்டினி கிடக்கும். உயர்ரக விளக்கில் ஒளி பரவலாக விழும், வெவ்வேறு நிறங்களைத் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம்.

மென்பவளம் மட்டும் வளர்ப்பவருக்கு மலிவு விளக்கே போதும் என்பது என் முடிவு. சற்று உயரத்தில் தொங்கவிட்டால் ஒளி பரவும். அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கோ சதுர மீட்டருக்கு விநாடிக்கு 200 முதல் 350 மைக்ரோமோல் வரை ஒளி சீராகக் கிடைக்க வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். எதை வாங்கினாலும் குறைந்த ஒளியில் தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள். ஒரே நாளில் முழு ஒளி பாய்ந்தால் பவளம் தன் பாசிகளையே வெளியேற்றிவிடும்.