கனடாவுக்கு வந்த மரப்பெட்டி

பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகள் ஒரு மரப்பெட்டியோடுதான் கப்பலேறினார்கள். உள்ளே மாற்றுத்துணியும் ஒரு பைபிளும். 1869இல் மரியா ரை முதல் குழுவை அழைத்து வந்தார். பின்னர் பர்னார்டோ முதலிய இல்லங்கள் அனுப்பியவர்களையும் சேர்த்து, ஒரு லட்சம் பேருக்கு மேல் கனடா வந்தனர்.

அநாதைகள் என்றார்கள். பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தார்கள், பிரித்தது வறுமை. பண்ணைகளில் பையன்கள் மாட்டுக்கொட்டிலிலும் வயலிலும், பெண்பிள்ளைகள் அடுப்படியிலும் உழைத்தார்கள். சில வீடுகள் சொந்தப் பிள்ளையாக வளர்த்தன. மற்றவற்றுக்கு வேலையாள்தான் வேண்டியிருந்தது.

பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பாரில்லை என்று அரசு ஆய்வாளர் ஆண்ட்ரூ டாய்ல் 1875லேயே எழுதினார். அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் கப்பல்கள் வந்தன. பிரிட்டன் 2010இல் மன்னிப்புக் கேட்டது. கனடா நாடாளுமன்றக் கீழவை 2017இல்.