வாசிக்கச் சொல்லி நடந்தவர்

உருவாக்கிய அமைப்பை அரசு எடுத்துக்கொண்டபோது அவருக்கு வயது 68. ஓய்வெடுக்கவில்லை, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

திருவனந்தபுரம் பூஜப்புரையில் ஒரு சிலை இருக்கிறது. 2021 டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தது. அரசரோ அமைச்சரோ அல்ல, சிலையாக நிற்பவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் பி.என். பணிக்கர். கேரளத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு வாசகசாலை கண்ணில் படுகிறதென்றால் அதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

குட்டநாட்டின் நீலம்பேரூரில் 1909 மார்ச் 1 அன்று பிறந்தார் பணிக்கர். எழுத்தறியாத ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து நாளிதழை உரக்கப் படித்துக் காட்டியதுதான் அவருடைய பொதுவாழ்வின் தொடக்கம். 1926ல், 17 வயதில், சொந்த ஊரில் ஒரு வாசகசாலையைத் தொடங்கினார். பின்னர் அம்பலப்புழையில் ஆசிரியர் வேலை. பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரமெல்லாம் நூலகம் என்றானது வாழ்க்கை.

அன்றைய திருவிதாங்கூரில் ஆங்காங்கே வாசகசாலைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, பண பலமும் இல்லை. 1945ல் அவற்றில் 47 வாசகசாலைகளின் பிரதிநிதிகளை அம்பலப்புழையில் ஒன்று கூட்டினார் பணிக்கர். திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் பிறந்தது. மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் தமிழரான திவான் சி.பி. ராமசாமி ஐயர். திவானின் ஆட்சிமீது மக்களுக்குக் கசப்பு வளர்ந்துவந்த காலம் அது. ஆனாலும் நூலகத்துக்கு உதவி கிடைக்குமென்றால் எந்தக் கதவையும் தட்டுவது பணிக்கரின் வழி. 1956ல் கேரள மாநிலம் உருவானபோது, சங்கமும் கேரளம் முழுமைக்குமானதாயிற்று. 47 என்பது அவர் காலத்திலேயே ஏறத்தாழ 6,000 ஆகப் பெருகியது.

இங்கே தமிழ்நாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாடு விடுதலை பெற்றபின் முதல் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான் - 1948ல். அதன் பின்னணியில் இருந்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு நூலக வரி, அதிலிருந்து நூலகம். அது அரசு தந்த ஏற்பாடு. கேரளத்திலோ நூலகங்கள் வந்தபின், 1989ல்தான் சட்டம் வந்தது. ஊரார் இடம் கொடுத்தார்கள், ஊரார் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசு மானியம் அதற்குத் துணையாக வந்தது. நூலகம் நம்முடையது என்ற எண்ணம் கிராமத்தில் வேர்விட்டதற்கு இதுவே காரணம்.

1970ன் இறுதியில், 61வது வயதில், ஒரு நடைப்பயணத்துக்குத் தலைமை தாங்கினார் பணிக்கர். நம் களியக்காவிளைக்கு அடுத்திருக்கும் பாறசாலையில் புறப்பட்டு, வடகோடியிலுள்ள காசர்கோடு வரை. 'வாசித்து வளருங்கள்' என்பது முழக்கம். 1975ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது சங்கத்தைத் தேடி வந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1977ல், சங்கத்தின் நிர்வாகத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 32 ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் வெளியே வர நேர்ந்தது. வேறொருவராக இருந்தால் மனம் கசந்து வீட்டோடு முடங்கியிருக்கலாம். பணிக்கர் அதே ஆண்டில் கான்ஃபெட் என்ற முறைசாராக் கல்வி அமைப்பைத் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கினார். இம்முறை அவர் தேடிப் போனது புத்தகம் படிப்பவர்களை அல்ல, எழுத்தே அறியாதவர்களை. மலைப்பகுதிகளுக்கும் பின்தங்கிய சிற்றூர்களுக்கும் முதியோர் கல்வியைக் கொண்டுபோனது கான்ஃபெட்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், முதிய வயதில் எழுத்தறிவு பெற்ற சேலக்கோடன் ஆயிஷா, கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார். அந்த வெற்றி ஒருவருடையதல்ல. அரசும், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், ஆயிரக்கணக்கான தொண்டர்களும் உழைத்துப் பெற்றது. ஆனால் அந்தத் தொண்டர்கள் கூடிப் பேச ஊர்தோறும் ஒரு வாசகசாலை முன்பே இருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் நிலத்தை உழுது வைத்திருந்தார்.

1995 ஜூன் 19 அன்று பணிக்கர் காலமானார். மறு ஆண்டு முதல் கேரளம் அந்நாளை வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. 2017ல் அது தேசிய அளவுக்கு விரிந்தது. மாநில நூலகக் கவுன்சிலின்கீழ் இன்று 8,000க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன.

கைப்பேசி எல்லோர் கையிலும் வந்துவிட்ட காலத்தில் இந்த வாசகசாலைகளுக்கு ஆள் வருமா என்ற கேள்வி கேரளத்திலும் எழுகிறது. பணிக்கர் தொடங்கியபோது ஊரில் பலருக்குப் படிக்கவே தெரியாது. ஆள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஆள் இருக்கும் இடத்துக்குப் போனார்.