தண்ணீர் இல்லாத ஊரும் தண்ணீருக்குள் போன ஊரும்

2024 மார்ச் மாதம் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு நின்றுபோயிற்று. மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. நம் சங்க அன்பர்கள் பலருக்கும் அந்தக் கோடை மறந்திருக்காது. பெங்களூரின் அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டதாக அரசாங்கமே ஒப்புக்கொண்டது. டேங்கர் லாரித் தண்ணீருக்கு விலை நிர்ணயம் செய்யவேண்டி வந்தது. ஒரு நாள் காலை, கையில் பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கல்லூரி மாணவி திரும்பிப் பார்த்து, "அங்கிள், நீங்க ஊர்ல இருந்தப்போ இப்படித்தான் நிப்பீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

சொல்ல நினைத்தது ஒரு சினிமாப் படத்தின் பெயரைத்தான். 'தண்ணீர் தண்ணீர்'.

இந்தப் படத்தை நான் பார்த்தது 1983-ல். இங்குள்ள ஒரு மன்றத்தில் 16 எம்.எம். புரொஜெக்டர் வைத்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டார்கள். மடக்கு நாற்காலிகள், நடுவில் இரண்டு முறை ஃபிலிம் அறுந்தது, குழந்தைகள் அழுகை. நம்மில் மூத்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய காட்சி. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவள் அதற்கு முன் பார்த்ததெல்லாம் சாமி படங்களும் எம்.ஜி.ஆர். படங்களும்தான்.

கோமல் சுவாமிநாதன் நாடகமாக எழுதி மேடையேற்றிய கதை. (பின்னாளில் 'சுபமங்களா' இதழின் ஆசிரியராக இருந்தாரே, அவரேதான்.) அதை கே. பாலசந்தர் 1981-ல் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த திரைக்கதைக்கும் தேசிய விருது கிடைத்தது. கதை நடக்கும் ஊர் அத்திப்பட்டி. பிற்காலத்தில் அஜித் நடித்த 'சிட்டிசன்' படத்தில் வந்த அத்திப்பட்டியைத்தான் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அது வேறு அத்திப்பட்டி, கடலோரம். இது மழை பொய்த்துப்போன கரிசல் காட்டு ஊர்.

ஊருக்கு வந்துசேரும் வெள்ளைச்சாமி என்ற மனிதன், எங்கோ தொலைவில் இருக்கும் சுனையிலிருந்து வண்டி கட்டித் தண்ணீர் கொண்டுவர ஆரம்பிக்கிறான். அவன் போலீஸ் தேடும் ஆள் என்று தெரிந்தும் ஊர் அவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு ஊரே சேர்ந்து கதவைச் சாத்துகிறது. கடைசியில் யாரையும் நம்பாமல் தாங்களே கால்வாய் வெட்டத் தொடங்குகிறார்கள். அரசாங்கம் அதுவரை எட்டிப் பார்த்ததே இல்லை. கால்வாயைத் தடுக்க மட்டும் ஓடி வருகிறது!

செவ்வந்தியாக சரிதா. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் எங்கள் தெற்கத்திப் பெண்களின் எரிச்சலையும் பிடிவாதத்தையும் எப்படிப் பிடித்தார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அவள் புருஷன் போலீஸ்காரன். ஊர் ஒரு பக்கம், புருஷனின் சட்டை ஒரு பக்கம். குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். நாடகத்தின் வாடை பல இடங்களில் அடிக்கிறது, எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள். பாலசந்தர் படத்தில் யார்தான் குறைவாகப் பேசினார்கள்! ஆனால் அந்த வெயில் பொய்யில்லை. ஒளிப்பதிவாளர் பி.எஸ். லோகநாத்தின் கேமரா காட்டிய மண்ணைப் பார்த்தபோது எனக்கு நாக்கு வறண்டது.

படம் பாதியில் இருக்கும்போது அம்மாவைக் காணவில்லை. வெளியே மன்றத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "உடம்புக்கு என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லலே. நீ போய்ப் பாரு. எனக்குத் தெரிஞ்ச கதைதான" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த கதைதான். 1974-ல் நான் ஐ.டி.ஐ. முடித்து இங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்ட வந்தேன். ஊரில் அடுத்தடுத்து மழை இல்லை. கிணற்றில் இறங்கிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்ப ஒரு மணி நேரம் ஆகும். 1976-ல் அம்மாவையும் தங்கையையும் அழைத்து வந்துவிட்டேன். அப்பா வரவில்லை. "நானும் வந்துட்டா வீட்டுல விளக்கு யாருலே வைப்பா?" என்றார். இரண்டு வருடம் தனியாக இருந்தார். தந்தி கிடைத்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவைப் பிடிவாதக்காரர் என்றுதான் பல காலம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

அந்தப் பேச்சை நிறுத்த வைத்தது ஒரு கன்னடப் படம்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் சிவமொக்கா மாவட்டத்துச் சாகரைச் சேர்ந்தவர். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் ஊர் பற்றி எரிந்தபோது இரண்டு இரவுகள் எங்கள் குடும்பத்தைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் பேசியதில்லை. 2002-ல் ஒரு நாள், "சார், எங்க ஊர்ப் படம் வந்திருக்கு, வாங்க" என்று கூப்பிட்டார். கிரீஷ் காசரவள்ளியின் 'த்வீபா'. தீவு என்று பொருள். 2001-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை விருது பெற்றது. நாயகி சௌந்தர்யாவே தயாரித்தார். 2004-ல் விமான விபத்தில் மறைந்த அதே சௌந்தர்யா. ரஜினியோடு ஆடிய பெண் இப்படியும் நடிப்பாரா என்று நமக்குத் தோன்றும்.

நா. டிசோசா என்ற கன்னட எழுத்தாளரின் நாவல் அது. சாகரில் வாழ்ந்தவர், 2025 ஜனவரியில் காலமானார். அந்தப் பக்கம் ஷராவதி ஆற்றின் குறுக்கே 1964-ல் லிங்கனமக்கி அணை கட்டி முடிக்கப்பட்டது. ஊர்கள் தண்ணீருக்குள் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர் எழுதிய கதை.

படத்தில் சீதாபர்வதம் என்று ஒரு மலைக்கிராமம். அணை நீர் ஏறிவர, மற்றவர்கள் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு கரையேறிவிடுகிறார்கள். கோயில் பூசை செய்யும் கணபய்யாவின் குடும்பம் மட்டும் தங்கிவிடுகிறது. அவர்களுக்குப் பிழைப்பு கோயிலை நம்பித்தான். நிலத்துக்கு விலை போடலாம், பூசைக்கும் ஊர் மரியாதைக்கும் எந்த அதிகாரி விலை போடுவார்? கிழவர் துக்கஜ்ஜா நகரமாட்டேன் என்கிறார். அந்த வேடத்தில் 'சோமன துடி' படத்துக்காக தேசிய விருது வாங்கிய எம்.வி. வாசுதேவ ராவ். மழை விடாமல் பெய்கிறது. அந்த மழைக்காகவே இந்தப் படத்தைப் பெரிய திரையில் பார்க்கவேண்டும். ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது நியாயமே.

கிழவர் போன பிறகு வீட்டைத் தாங்குகிறவள் மருமகள் நாகி. நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதும் மாட்டைக் காப்பதும் புருஷனுக்குத் தைரியம் சொல்வதும் அவள்தான். கடைசியில் தண்ணீர் வடிகிறது, வீடு பிழைக்கிறது. உடனே கணபய்யா, இதெல்லாம் தெய்வத்தின், பெரியவர்களின் அருள் என்கிறான். நாகியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! படம் முடிந்து நாங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு வரும்வரை பேசவில்லை. பிறகு எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "எங்க அம்மா பிறந்த வீடு அந்தத் தண்ணிக்கு அடியிலதான் இருக்கு சார். அவங்க தாத்தாவும் வரமாட்டேன்னுதான் சொன்னாராம்."

எனக்குச் சுருக்கென்றது. நான் 30 வருடம் லேத் ஓட்டிய தொழிற்சாலைக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? ஷராவதி மின்நிலையத்தின் திறன் 1035 மெகாவாட். பல ஆண்டுகள் இந்த மாநிலத்தின் ஆலைகளும் வீதி விளக்குகளும் பெரும்பாலும் அதை நம்பித்தான் இருந்தன. தண்ணீர் இல்லாத ஊரை விட்டு ஓடிவந்து, இன்னொருவர் ஊரைத் தண்ணீரில் அமிழ்த்திய மின்சாரத்தில் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நம் மேட்டூரிலும் இதே கதைதானே. அணையில் நீர் இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தலை நீட்டுவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்களோ!

சுற்றுச்சூழல் படங்கள் என்றால் புகைபோக்கியும் செத்த மீன்களும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அன்றிலிருந்து தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். சத்யஜித் ரேயின் 'கணசத்ரு' (1989) கோயில் தீர்த்தத்தில் நோய்க் கிருமி கலந்திருப்பதைச் சொல்லும் டாக்டரை ஊரே எதிரியாக்கும் கதை. விஷயம் பெரிது. ஆனால் உடல்நலக் குறைவால் ரே நான்கு சுவர்களுக்குள்ளேயே எடுத்ததால் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. எம். மணிகண்டனின் 'கடைசி விவசாயி' 2022-ல் வெளியானது. அதில் மாயாண்டியாக வாழ்ந்த நல்லாண்டி, படம் வெளிவருமுன்னே காலமானார். மயிலைக் கொன்றதாக வழக்குப் போட்டுக் கிழவரை உள்ளே வைத்துவிட, அவர் பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்று நீதிபதி யோசிக்கிறாரே, அந்த இடத்தில் என் அப்பா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

வெளிநாட்டுப் படங்களில் ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். அகிரா குரோசவா 1975-ல் சோவியத் நாட்டில் எடுத்த 'தெர்சு உஸாலா'. ஆஸ்கார் விருது பெற்ற படம். சைபீரியக் காட்டில் வாழும் வேடன் தெர்சு. தங்கிய குடிசையை விட்டுக் கிளம்பும்போது அரிசி, உப்பு, தீப்பெட்டி வைத்துவிட்டுப் போகச் சொல்வான், இனி யாரோ முகம் தெரியாதவன் வருவானே, அவனுக்கு. வயதாகிக் கண் மங்கியதும் நண்பன் அவனை நகரத்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்துத் தெர்சுவால் தாங்கமுடியவில்லை. நகரத்தில் அவனால் இருக்கவும் முடியவில்லை. அதைப் பார்த்தபோதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் அப்பாதான். நான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தால் இங்கே எத்தனை நாள் இருந்திருப்பார்?

அந்தக் கோடையில் எங்கள் குடியிருப்பில் ஒரு சண்டையும் வந்தது. டேங்கர்காரர் தண்ணீரை நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து எடுத்துவருகிறார் என்று தெரிந்தது. அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லையாம். கூட்டத்தில் நான் எழுந்து, வாங்கும் லாரிகளையாவது பாதியாகக் குறைப்போம் என்றேன். "சார் சினிமா பார்த்துட்டுப் பேசறார்" என்றார் ஒருவர். சிரித்தார்கள். உண்மைதான், சினிமா பார்த்துவிட்டுத்தான் பேசினேன். ஓட்டெடுப்பில் என் பக்கம் நான்கு கைகள். ஒன்று எதிர்வீட்டுக்காரருடையது. இன்னொன்று, வரிசையில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுடையது.

சங்கத்தில் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு படங்களையும் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காலையில் 'தண்ணீர் தண்ணீர்', சாப்பாட்டுக்குப் பிறகு 'த்வீபா'. கன்னட வசனம் புரியாதவர்களுக்கு எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். குடிக்கத் தண்ணீரை மட்டும் அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடவும்.