ஓ.எஸ் மாற்றப் போறீங்களா? முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் ஒத்திகை பாருங்க!

2024 ஜூலை 19. இந்தியாவின் சில விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான ஓர் அப்டேட். அது போய்ச் சேர்ந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றில் பலவற்றை, ஒவ்வொன்றாக ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழித்துத்தான் மீட்க முடிந்தது. இனி இத்தகைய அப்டேட்களைப் படிப்படியாக அனுப்புவதாக அந்த நிறுவனம் பிறகு அறிவித்தது.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான பாடம் இல்லை. 30 கம்ப்யூட்டர் உள்ள பள்ளிக்கும், மூன்று கம்ப்யூட்டர் உள்ள டி.டி.பி சென்டருக்கும் இது பொருந்தும். அதுவும் இப்போது ரொம்பவே பொருந்தும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேராதவர்கள் விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறியாக வேண்டிய கட்டாயம்.

ஆனால், நேராக மாற்றிவிட்டால்? மறுநாள் காலையில் கடையின் பில்லிங் சாஃப்ட்வேர் திறக்காமல் போகலாம். பத்து வருடமாக பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியலாம். இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் விர்ச்சுவல் டெஸ்ட் லேப்.

ஒரே வீட்டில் நாலு போர்ஷன்

பெரிய வீட்டைத் தடுத்து, போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடுவார்கள் அல்லவா? அதேதான் இங்கேயும். கம்ப்யூட்டரின் ரேம், ஹார்டு டிஸ்க், பிராசஸர் ஆகியவற்றில் ஒரு பங்கைப் பிரித்து, அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இயங்குவதுபோல மென்பொருள் செய்துவிடும். இதுதான் விர்ச்சுவல் மெஷின். உள்ளே இருக்கும் ஓ.எஸ்ஸுக்குத் தான் ஒரு தனிக் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே நினைப்பு. ஐ.பி.எம் நிறுவனம் 1960-களிலேயே பெரிய கம்ப்யூட்டர்களில் செய்து பார்த்த வித்தை இது. இன்று சாதாரண லேப்டாப்பிலேயே நடக்கிறது.

என்னவெல்லாம் வேண்டும்?

16 ஜி.பி ரேமும், தாராளமாக இடமுள்ள எஸ்.எஸ்.டி டிஸ்க்கும் இருந்தால் நிம்மதி. 8 ஜி.பி ரேம்தான் என்றால் ஒரு நேரத்தில் ஒரு விர்ச்சுவல் மெஷினோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, பிராசஸரில் விர்ச்சுவலைசேஷன் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யூவைத் தொட்டால் தெரியும். ஆஃப் ஆகியிருந்தால் பயாஸ் செட்டிங்ஸில் ஆன் செய்யலாம்.

மென்பொருளுக்குச் செலவில்லை. ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பர்-வி கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் அது கிடையாது. உள்ளே நிறுவிப் பார்க்க விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் பதிப்பை 90 நாளுக்கும், விண்டோஸ் சர்வரை 180 நாளுக்கும் சோதனைக்காக மைக்ரோசாஃப்டே தருகிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை எப்போதும் இலவசம்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி ரேம், 64 ஜி.பி இடம், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் ஆகியவை தேவை. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் அந்தச் சிப்பையும் மென்பொருளாகவே உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: உள்ளே விண்டோஸ் 11 ஓடுவதால் உங்கள் பழைய கம்ப்யூட்டரும் அதற்குத் தகுதி பெற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

பென் டிரைவ் இல்லாமல் 30 கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டருக்கு என்றால் பென் டிரைவ் போதும். முப்பதுக்கு? நெட்வொர்க் வழியாக அனுப்புவதுதான் வழி. அதற்கும் லேப்பில் பழகலாம்.

ஒரு விர்ச்சுவல் மெஷினை சர்வராக வையுங்கள். இன்னொன்றை ஓ.எஸ் இல்லாமல் காலியாக விடுங்கள். காலி மெஷின் எழுந்ததும் நெட்வொர்க்கில் முகவரி கேட்கும். சர்வர் முகவரியைக் கொடுத்து, தொடக்க ஃபைலையும் அனுப்பும். அதன்பின் முழு ஓ.எஸ்ஸும் தானாக இறங்கும். இதற்குப் பெயர் பி.எக்ஸ்.இ பூட். இந்த வேலைக்கு ஃபாக் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. விண்டோஸை இப்படிப் பிரதி எடுப்பதற்கு முன், சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டி, மூலக் கம்ப்யூட்டரின் தனி அடையாளத்தை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாமே ஒரே அடையாளத்தோடு சுற்றும்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். லேப்பின் நெட்வொர்க்கை ‘பிரிட்ஜ்டு’ என்று வைத்தால், சோதனைச் சர்வர் அலுவலகத்தில் இருக்கும் நிஜக் கம்ப்யூட்டர்களுக்கும் முகவரி கொடுக்கக் கிளம்பிவிடும். திடீரென்று பலருக்கு இன்டர்நெட் போய்விடும். காரணமும் லேசில் பிடிபடாது. அதனால் ‘இன்டர்னல் நெட்வொர்க்’ என்ற தேர்வே பாதுகாப்பு. உள்ளே நடப்பது உள்ளேயே இருக்கும்.

தப்பு செய்யலாம், தைரியமாக!

இந்த லேப்பின் உண்மையான பலம் ஸ்னாப்ஷாட். ஓ.எஸ் நிறுவி முடித்ததும் அந்த நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவிட வேண்டும். பிறகு பில்லிங் சாஃப்ட்வேரைப் போடுங்கள், பழைய எழுத்துருவை ஏற்றுங்கள், அப்டேட் செய்யுங்கள். எது கெட்டுப்போனாலும் சில கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் விடக் கூடாது. அந்த ஹார்டு டிஸ்க்கே போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும். நிஜக் கம்ப்யூட்டரின் கணக்கும் புகைப்படங்களும் வேறொரு டிஸ்க்கில் இருந்தாக வேண்டும்.

லேப்பால் சொல்ல முடியாத விஷயங்களும் உண்டு. உங்கள் பழைய பிரின்டரின் டிரைவர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் புது ஓ.எஸ்ஸோடு ஒத்துப்போகுமா என்பது நிஜக் கம்ப்யூட்டரில்தான் தெரியும். எனவே லேப்பில் தேறியதும், அதிகம் பயன்படாத ஒரே ஒரு நிஜக் கம்ப்யூட்டரை மாற்றி, ஒரு வாரம் வேலை பார்க்க விடுங்கள். அப்புறம் மூன்று, நான்கு. பிரச்னை இல்லையென்றால் மற்றவை.

சிஸ்டம் அட்மின் வேலைக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் இது நல்ல பயிற்சிக் களம். சர்வர் வாங்கப் பணம் தேவையில்லை. யாருடைய கம்ப்யூட்டரும் கெட்டுப்போகாது.

பந்தி போடுவதற்கு முன் சமையல்காரர் சாம்பாரைக் கையில் ஒரு சொட்டு விட்டு உப்பு பார்ப்பார். ஐந்நூறு இலையில் பரிமாறிய பிறகு உப்பு பார்த்து என்ன பயன்?