கண்ணாடித் தொட்டியின் அடிமண்

நீருக்குள் வேரூன்றி வளரும் ஒரு தாவரம் தனக்குத் தேவையான பாஸ்பரஸைச் சூழ்ந்துள்ள நீரிலிருந்து இலைகளின் வழியே பெறுகிறதா, அல்லது நிலத் தாவரங்களைப் போல அடிச்சேற்றிலிருந்து வேர்களின் வழியே பெறுகிறதா என்னும் கேள்வி, ஏரிகளை ஆராயும் அறிவியலாளர்களிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு வந்தது. கனடாவைச் சேர்ந்த கரீன்யான், கால்ஃப் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒன்பது வகை நீர்த்தாவரங்களை அவை வளர்ந்த இடத்திலேயே ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட முடிவு, வேரின் பக்கமே நின்றது. நடுத்தர வளமுள்ள நீரில் மூழ்கி வளர்ந்த செடிகள் பாஸ்பரஸ் முழுவதையும் சேற்றிலிருந்தே எடுத்துக்கொண்டன. கழிவுகள் கலந்து நீரிலேயே பாஸ்பரஸ் மிகுந்து கிடந்த இடத்தில்கூட, சராசரியாக 72 விழுக்காடு சேற்றிலிருந்தே வந்தது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பெரும்பாலும் நீரிலிருந்து பெறும் இச்செடிகள், பாஸ்பரஸுக்கும் இரும்புக்கும் நைட்ரஜனின் கணிசமான பகுதிக்கும் வேரையே நம்பியிருக்கின்றன.

வீட்டில் நன்னீர்ச் செடித்தொட்டி அமைப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். விளக்கு, வடிகட்டி, கரியமில வாயு உருளை ஆகியவற்றைப் பற்றிப் பல நாள் விசாரிப்பவர்கள், அடியில் பரப்பவேண்டிய பொருளை மட்டும் நிறத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகின்றனர். விளக்கையும் வடிகட்டியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடித்தளத்தை மாற்றவோ தொட்டி முழுவதையும் காலி செய்தாக வேண்டும். ஆகவே தொட்டி அமைக்கும் வேலையில் முதலில் தீர்மானிக்க வேண்டியதும் அதிகம் யோசிக்க வேண்டியதும் அடித்தளமே. செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கிக் கண்ணாடித் தொட்டிக்குள் வாழ இயலும் என்று 1850இல் லண்டன் வேதியியல் சங்கத்தில் விளக்கிய ராபர்ட் வாரிங்டன், தம் வாலிஸ்னேரியாச் செடியை நட்டதும் மணலும் சேறும் கலந்த அடித்தளத்தில்தான். கழுவிய கூழாங்கல்லும் வண்ணக் கற்களும் பிற்காலத்தில் வந்தவை. பார்வைக்குத் தூய்மையானவை என்றாலும் வேருக்கு உணவாக அவற்றில் எதுவும் இல்லை.

அடித்தளத்தில் நிகழும் வேதியியல், நீர் தேங்கிய நெல்வயலில் நிகழும் அதே வேதியியலாகும். இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய மண் வேதியியலாளர் பொன்னம்பெரும, நீர்மூழ்கிய மண்ணின் வேதியியல் குறித்து 1972இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது. மண் நீரில் மூழ்கியதும் அதன் துளைகளில் இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுகின்றன. நீரின் வழியே ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் காற்றின் வழியே ஊடுருவும் வேகத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே என்பதால், தீர்ந்த ஆக்சிஜனை ஈடுகட்ட வழியில்லை. அதன்பின் நுண்ணுயிர்கள் சுவாசிப்பதற்கு ஆக்சிஜனுக்கு மாற்றாக வேறு பொருட்களை வரிசையாகப் பயன்படுத்தத் தொடங்குகின்றன: முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீஸ் ஆக்சைடு, பிறகு இரும்பு ஆக்சைடு, அதன்பின் சல்பேட், இறுதியில் கரியமில வாயு. எலக்ட்ரான்களைப் பெற்று ஒரு சேர்மம் மாற்றமடையும் இந்நிகழ்வு ஒடுக்கம் எனப்படும்.

இவ்வரிசையின் நடுப்பகுதி செடிகளுக்குப் பெரும் நன்மை செய்கிறது. துரு வடிவில் நீரில் கரையாமல் கிடந்த இரும்பு, ஒடுக்கமடைந்து கரையும் வடிவத்துக்கு மாறுகிறது; அந்தத் துருவோடு பிணைந்திருந்த பாஸ்பேட்டும் விடுபட்டு வேருக்கு எட்டுகிறது; ஆக்சிஜன் இல்லாததால் நைட்ரேட்டாக மாறாத அம்மோனியம் மண்ணிலேயே தங்குகிறது. அமிலத்தன்மை மிகுந்த மண்ணும் காரத்தன்மை மிகுந்த மண்ணும் சில வாரங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தால், இரண்டும் நடுநிலையை நோக்கி நகர்ந்துவிடும் என்பதும் இவ்வாய்வுகளால் தெளிவான செய்தியாகும். வரிசையின் கடைசிப் பகுதிதான் தொல்லை தருவது. சல்பேட் ஒடுக்கமடைந்தால் அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகி வேர்களைக் கருக்கும். மண்ணில் இரும்பு போதுமான அளவு இருந்தால் இவ்வாயு அதனோடு சேர்ந்து கரையாத இரும்பு சல்பைடாகப் படிந்துவிடுவதால் நஞ்சு தணிகிறது. கண்ணாடியின் ஓரமாக மண்ணில் தெரியும் கறுப்புத் திட்டுகள் பெரும்பாலும் இந்தப் படிவே. ஜிப்சமோ சல்பேட் உரமோ கலந்த மண்ணைத் தொட்டியில் இடலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஆக்சிஜன் அற்ற மண்ணில் வேர்கள் எவ்வாறு உயிர்வாழ்கின்றன என்பது இயல்பாக எழும் ஐயம். நீர்த்தாவரங்களின் தண்டிலும் வேரிலும் ஏரன்கைமா எனப்படும் காற்றறைத் திசு அமைந்திருக்கிறது. ஒளிச்சேர்க்கையில் இலைகள் உண்டாக்கும் ஆக்சிஜன் இக்காற்றறைகளின் வழியே வேர் நுனிவரை இறங்கி, அங்கிருந்து சிறிது மண்ணுக்குள்ளும் கசிகிறது. இவ்வாறு ஒவ்வொரு வேரைச் சுற்றியும் ஆக்சிஜன் நிறைந்த மெல்லிய உறை ஒன்று உருவாகி நச்சுப் பொருட்களைத் தடுக்கிறது. சேற்று மண்ணிலிருந்து பிடுங்கிய நாற்றின் வேர்களில் துருநிறப் பூச்சு காணப்படுவது, கரைந்திருந்த இரும்பு இவ்வுறையில் மீண்டும் துருவாகப் படிவதால்தான். செடிகள் அடர்ந்த தொட்டியில் அடிமண் கெடுவதில்லை என்பதும், அதே மண்ணை நான்கைந்து செடிகளை மட்டும் நட்டு வைத்தால் நாறத் தொடங்குகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். மண்ணின் மேற்பரப்பிலும் இத்தகைய ஆக்சிஜன் அடுக்கு ஒன்று சில மில்லிமீட்டர் தடிமனில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஏரிகளை ஆராய்ந்த கிளிஃபோர்ட் மார்ட்டிமர் 1941, 1942ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், இந்த அடுக்கு உள்ளவரை கீழிருந்து எழும் பாஸ்பேட்டை இரும்பு பிடித்து நிறுத்துகிறது என்றும், அடுக்கு அழிந்தால் பாஸ்பேட் நீரில் கலக்கிறது என்றும் காட்டின. தொட்டியில் அடிமண்ணைக் கிளறியபின் பச்சைப் பாசி திடீரெனப் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எந்தப் பொருளைத் தேர்வது என்பதற்கு அடுத்த அளவுகோல், நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் என்பது. அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம், இரும்பு போன்ற நேர்மின்னூட்டமுள்ள சத்துகளை நீரோடு போகவிடாமல் தன் பரப்பில் பிடித்து வைத்து, வேர் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும் ஆற்றலையே இச்சொல் குறிக்கிறது. ஆற்று மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸுக்கு இத்திறன் ஏறத்தாழ இல்லை. கருங்கல் ஜல்லிக்கும் அப்படியே. செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் என்னும் களிமண் கனிமத்துக்கு 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லிசமானம் வரை இத்திறன் உண்டு. கரிசல் மண்ணில் உள்ள மாண்ட்மோரிலோனைட் வகைக் கனிமத்துக்கோ 80 முதல் 120 வரை. மட்கிய இலைதழைகளிலிருந்து உண்டாகும் மட்கு இவ்விரண்டையும் விஞ்சும்.

எண்களை மட்டும் பார்த்தால் கரிசலே சிறந்தது என்று தோன்றும். எனினும் கரிசல் மண் நீரில் ஊதிப் பெருத்து, பிசுபிசுத்து, துளைகளை அடைத்துக்கொள்ளும். சுக்கான்கல் எனப்படும் சுண்ணாம்பு முண்டுகளும் அதில் கலந்திருப்பதுண்டு. செம்மண்ணில் சத்தைப் பிடிக்கும் ஆற்றல் குறைவு, ஆயினும் வேருக்கு வேண்டிய இரும்பு தாராளமாக உண்டு. பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் அங்காடிப்புரத்தில் கண்டு, 1807இல் லேட்டரைட் என்று பெயரிட்டு விவரித்த செம்புரைக்கல்லின் தூளை ஐரோப்பியச் செடித்தொட்டிகளில் ஒரு காலத்தில் விரும்பிக் கலந்ததும் இரும்புக்காகவே. ஏரி, குளங்களில் படியும் வண்டல் மண்ணில் களிமண்ணும் மட்கும் நுண்மணலும் இயல்பாகவே கலந்திருப்பதால், வயல்நீரும் சாக்கடையும் கலக்காத இடத்திலிருந்து எடுக்கப்பட்டால், தமிழகச் சூழலில் இதைவிடப் பொருத்தமான அடிமண்ணைத் தேடவேண்டியதில்லை. அது கிடைக்காவிடில் செம்மண்ணோடு நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் கரிசலோ நன்கு மட்கிய இலைமட்கோ சேர்க்கலாம். நாற்றுப்பண்ணைகளில் பூந்தொட்டிக்கென்று விற்கப்படும் கலவையை அப்படியே பயன்படுத்துவது ஆபத்தானது. அதில் சேர்க்கப்பட்டுள்ள சாண எருவும் இரசாயன உரமும் நீரில் அம்மோனியாவைக் கொட்டும்.

மேலே பரப்பும் மணலையோ ஜல்லியையோ வாங்குமுன் சுண்ணாம்புச் சோதனை அவசியம். ஒரு பிடிப் பொருளின்மீது வினிகரை ஊற்றினால் நுரை எழுமாயின், அதில் கிளிஞ்சல் துகளோ சுண்ணாம்புக்கல்லோ உண்டு என்று பொருள். தொட்டியில் அது சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் உயர்த்தும். கடற்கரை மணல் இச்சோதனையில் பெரும்பாலும் தேறுவதில்லை. எம்-சாண்டில் கலந்துள்ள கல்தூள் இறுகிப்போகும் இயல்புடையது; அதன் கூர்முனைகள் தரையைத் துழாவி உண்ணும் கோரிடோரஸ் போன்ற மீன்களின் மீசைகளைத் தேய்த்துவிடக்கூடும்.

ஆயத்தமாகக் கடைகளில் கிடைக்கும் ஆக்வா சாயில் என்பது, சத்துள்ள மண்ணை உருண்டைகளாக்கிச் சூட்டில் உலர்த்திய பொருளாகும். இயற்கைக் காட்சிகளைத் தொட்டிக்குள் படைத்துப் புகழ்பெற்ற ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) நிறுவிய நிறுவனமே இதைப் பரவலாக்கியது. நீரை மென்மையாக்கி, பி.எச். அளவை 7-க்குக் கீழே இறக்கி, தொடக்க மாதங்களில் செழிப்பான வளர்ச்சியைத் தரும் பொருள் அது. ஆனால் சென்னையின் பல பகுதிகளில் கிடைப்பது போன்ற கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரை வாராவாரம் ஊற்றினால், அந்த ஆற்றல் விரைவிலேயே தீர்ந்துவிடும். இதற்கு நேர்மாறான வழியை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியான தம் நூலில் முன்வைத்தார்: சாதாரணத் தோட்ட மண்ணை ஓர் அங்குலம் பரப்பி, அதன்மேல் ஓர் அங்குலம் ஜல்லி மூடினால் போதும், மண்ணிலுள்ள கரிமப் பொருள் சிதையும்போது வெளிவரும் கரியமில வாயுவே செடிகளுக்கு உணவாகும், உருளை தேவையில்லை என்பது அவர் வாதம். மிதமான ஒளியில், மெதுவாக வளரும் செடிகளைக் கொண்டு, குறைந்த செலவில் நெடுநாள் நிலைக்கும் தொட்டியை விரும்புவோருக்கு வால்ஸ்டட்டின் வழியே ஏற்றது. அடித்தளம் எதுவாயினும் கவலையில்லாத செடிகளும் உண்டு; அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவை கல்லிலும் கட்டையிலும் பற்றி வளர்வன, அவற்றின் கிழங்குத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். இலங்கையின் ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்ட்டி போன்றவையோ வேரால் வாழ்பவை. அவற்றுக்கு மண் இன்றியமையாதது.

மண்ணைப் பக்குவப்படுத்தும் வேலைக்கு மூன்று, நான்கு வாரங்கள் ஒதுக்கவேண்டும். உலர்ந்த மண்ணைச் சலித்துக் கல், குச்சி, வேர்களை நீக்கியபின், அகன்ற தட்டில் நீரூற்றிக் கலக்கி, மிதப்பவற்றை வடித்து, வெயிலில் முழுவதும் காயவைத்து, மீண்டும் நனைத்துக் காயவைக்கும் முறையை நான்கைந்து முறை செய்யவேண்டும். ஒவ்வொரு நனைப்பிலும் நுண்ணுயிர்கள் எளிதில் சிதையும் கரிமப் பொருளை உண்டு தீர்க்கின்றன. ஒவ்வொரு வடிப்பிலும் கரையும் உப்புகள் வெளியேறுகின்றன. தொட்டிக்குள் நிகழவிருந்த கொந்தளிப்பு இவ்வாறு வெளியிலேயே நடந்து முடிந்துவிடும். நனைத்த மண்ணில் புளித்த வாடையோ எருவின் வாடையோ நீங்கி, மழை பெய்த நிலத்தின் வாசம் மட்டும் எஞ்சுவது பக்குவத்தின் அடையாளம்.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 2.5 செ.மீ. உயரத்துக்கு மண் பரப்ப 4.5 லிட்டர் மண்ணும், அதன்மேல் 4 செ.மீ. மூடுவதற்கு 7.2 லிட்டர், அதாவது ஏறத்தாழ 11 கிலோ, பொடி ஜல்லியும் தேவைப்படும். மண்ணை நான்கு ஓரங்களிலும் கண்ணாடியைத் தொடாமல் இரு விரல் இடைவெளி விட்டுப் பரப்பி, அவ்விடைவெளியை ஜல்லியால் நிரப்பினால், ஒளிபட்டுக் கண்ணாடியோரம் பாசி படர்வதைத் தவிர்க்கலாம். மூடும் துகள்கள் 2 முதல் 3 மி.மீ. அளவில் இருப்பது நலம். இதைவிட நுண்ணிய மணல் இறுகி ஆக்சிஜனைத் தடுக்கும், பெரிய கற்களின் இடுக்குகள் வழியே சேறு மேலெழும். மண் அடுக்குள்ள தொட்டியில் அடிப்பரப்பு வடிகட்டி வைக்கலாகாது. அது சேற்றை உறிஞ்சி நீரில் கலந்துவிடும். நீர் நிரப்பும்போது ஜல்லியின்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது மெல்லிய தாரையாக ஊற்றவேண்டும். முதலில் நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் நீர்விட்டுச் செடிகளை நட்டபின் மீதியை நிரப்புவது கைக்கு எளிது.

எவ்வளவு பக்குவப்படுத்தினாலும் புதிய மண்ணிலிருந்தும் ஆக்வா சாயிலிலிருந்தும் சில வாரங்களுக்கு அம்மோனியா கசியவே செய்யும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கும்போது அதில் நச்சு வடிவம் 0.6 விழுக்காடு அளவே, பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 5 விழுக்காடாகிறது. எனவே காரத்தன்மையுள்ள நிலத்தடி நீரைப் பயன்படுத்துவோர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கவேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகும்வரை மீன்களை விடாமல், வாரத்துக்கு இருமுறை பாதி நீரை மாற்றிக்கொண்டு, வேலம்பாசி போன்ற விரைந்து வளரும் செடிகளை நிறைய நட்டுவைப்பதே முறை. சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் சுழியம் காட்டியபின்னரே முதல் மீன்களைச் சேர்க்கவேண்டும்.

அதன்பின் அடிமண்ணைத் தொடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் பராமரிப்பு. தொடக்கத்தில் எழும் குமிழிகளை, மீன்கள் இல்லாத அந்த வாரங்களிலேயே, மெல்லிய குச்சியால் ஆங்காங்கே குத்தி வெளியேற்றலாம். மண்ணுக்குள் துளைத்துச் செல்லும் மெலனாய்டிஸ் நத்தைகள் பிறகு அவ்வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். முதிர்ந்த கிரிப்டோகோரைன் செடியை அகற்ற நேர்ந்தால் பிடுங்கி எடுக்கலாகாது. அதன் வேர்த்தொகுதி மண் அடுக்கை அப்படியே பெயர்த்துக்கொண்டு மேலே வரும். தண்டின் அடியில் கத்தரியை நுழைத்து வேர்களை வெட்டி, தலைப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வேர்களை மண்ணிலேயே மட்க விட்டுவிடவேண்டும்.